முதல் பத்து நகர்த்தல்கள்

இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிதவியல்

எட்டே நகர்த்தலில் தோற்றவன் சதுரங்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வந்துவிட்டான் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அந்த எட்டு நகர்த்தல்கள்தாம் இக்கட்டுரைக்குக் காரணம். சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டி ஒன்றில் நான் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தேன். எதிரே அமர்ந்தவர் என் வயதுடைய மாணவர். சிறு வயது முதலே பயிற்சி பெற்றவர். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் கழியுமுன் என் ராஜா விழுந்துவிட்டான். மற்ற மூன்று பலகைகளிலும் சேர்த்து நம் அணிக்கு ஒன்றரைப் புள்ளி. என் பலகையில் ஓர் அரைப் புள்ளி கிடைத்திருந்தால் சமன். அது கிடைக்கவில்லை. வடசேரியில் பேருந்து ஏறும் வரை அணியில் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

நடந்தது இதுதான். பலகையின் கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்தும், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்ணும் உண்டு என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும். நான் இ4, அவர் இ5. என் குதிரை எப்3. அவர் குதிரை எப்6. இது பெட்ராஃப் தற்காப்பு. என் குதிரை இ5 சிப்பாயை வெட்டியது. வழக்கப்படி அவர் டி6 ஆடி என் குதிரையை விரட்டியிருக்க வேண்டும். அவரோ தம் மற்றொரு குதிரையைச் சி6-இல் கொண்டுவந்து வைத்தார், ‘வேண்டுமானால் வெட்டிக்கொள்’ என்பது போல. வெட்டினேன். டி7 சிப்பாயால் திரும்ப வெட்டினார். நான் டி3, அவர் பிஷப் சி5. ஒரு சிப்பாய் எனக்கு மிச்சம். மகிழ்ச்சியோடு என் பிஷப்பை ஜி5-இல் வைத்தேன். இனி அவர் குதிரை அசைந்தால் ராணி போய்விடும் அல்லவா? அவர் குதிரையை அசைத்தார்! இ4 சிப்பாயை வெட்டினார். ராணி வெறுமனே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். அவருடைய பிஷப் எப்2-இல் வெட்டிச் செக். என் ராஜாவுக்கு இ2 தவிர வேறு போக்கிடம் இல்லை. அடுத்த பிஷப் ஜி4-இல் வந்து நின்றது. செக்மேட்.

இதற்கு ஸ்டாஃபோர்டு கேம்பிட் என்று பெயர். பெரிய மாஸ்டர்கள் இதைத் தீண்டுவதில்லை. கணிப்பொறியிடம் கேட்டால் வெள்ளைக்கே தெளிவான மேன்மை என்று சொல்லும். ஆனால் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் எரிக் ரோசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் காணொளிகளால் இது உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு சதுரங்கம் விளையாடும் ஒரு பெண்ணைப் பற்றிய தொலைத்தொடரும் வெளிவந்து, புதிதாகப் பல லட்சம் பேரைப் பலகைக்கு அழைத்து வந்திருந்தது. எனக்கோ இந்தக் காணொளிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. 2024-இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் மோதிய பதினான்கு ஆட்டங்களின் தொடக்கங்களையும் பெயர் பெயராகச் சொல்லத் தெரியும். ஆறாவது நகர்த்தலில் பிஷப்பை ஜி5-க்குப் பதில் இ2-இல் வைத்தால் ஆபத்தில்லை என்பது தெரியாது. சதுரங்கத் தொடக்கங்களில் புதிய போக்கு என்று நாம் சொல்வது ஒன்றல்ல, இரண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மேலே உலகப் பட்டத்துக்கு ஆடுபவர்களின் போக்கு ஒன்று. கீழே நம் எதிரில் அமர்பவர்களின் போக்கு மற்றொன்று.

போக்கு என்று ஒன்று ஏன் உண்டாகிறது? காய்கள் நிற்கும் இடமும் மாறுவதில்லை, விதியும் மாறுவதில்லை. பின் ஆடும் முறை மட்டும் ஏன் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது?

நான் ஆட்டத்தைக் கற்றது திண்ணையில், தாத்தாவிடம். அவர் ஆடியது பழைய நாட்டு விதி. அதில் சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டந்தான் நகரும். கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். பள்ளியில் கற்று வந்து நான் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியபோது, “அதென்ன மக்ளே, ஒரேயடியாத் தாவுகு? காலாளு நடக்கப்பட்டவம்லா!” என்றார். அவர் ஆட்டத்தில் இரு படைகளும் ஒன்றையொன்று தொடவே பத்துப் பதினைந்து நகர்த்தல் ஆகும். அதுவரை அவரவர் வீட்டை அவரவர் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்கும் அவசரமே இல்லை. சர்வதேச விதியில் அப்படி இருக்க முடியாது. சிப்பாய் இரண்டு கட்டம் பாய்வதால் மூன்றாவது நகர்த்தலிலேயே மோதல் வந்துவிடுகிறது. ஆகவே முதல் பத்து நகர்த்தல்களை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவனுக்கு ஆதாயம். அவன் யோசித்ததை உடைக்க மற்றொருவன் யோசிக்கிறான். தொடக்க ஆட்ட நூல்களெல்லாம் இந்தப் போட்டியில் பிறந்தவையே.

நம் நாட்டு மெதுநடை ஆட்டம் வீணாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞரோடு மகேஷ்சந்திர பானர்ஜி பல ஆட்டங்கள் ஆடினார். சிப்பாயை ஒரு கட்டம் ஒரு கட்டமாக வைத்து, பிஷப்பை ஜி7-இல் ஒதுக்கி நிறுத்தி, நடுக்களத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்துப் பின்னர் தாக்கும் அவர் முறை அன்று ஐரோப்பியருக்கு விநோதமாகத் தோன்றியது. இன்று ராஜா இந்தியத் தற்காப்பு என்று உலகமே ஆடும் தொடக்கத்தின் சாயல் அது. பஞ்சாபிலிருந்து 1929-இல் இங்கிலாந்து சென்ற மீர் சுல்தான் கானும் நாட்டு விதியில் வளர்ந்தவரே. தொடக்க நூல் எதையும் கற்காமலே 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸ் நகரில் கப்பப்ளாங்காவையே வென்றார். பெரும்பாலான ஆட்டங்களில் தொடக்கத்தில் பின்தங்கி, அப்புறம் தம் திறமையால் மீண்டவர் அவர். 2024-இல்தான் உலகச் சதுரங்க அமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. சுல்தான் கான் தொடக்கம் கற்கவில்லையே, நாம் ஏன் கற்க வேண்டும் என்று வாதிடும் நண்பர் ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். அவரிடம் நான் சொல்வது: முதலில் சுல்தான் கானாகப் பிற!

தமிழ்நாட்டின் கதையும் நூல் கிடைக்காத கதைதான். மானுவேல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்றார். 1962-இல் ஸ்டாக்ஹோமில் உலகின் முன்னணி வீரர்களோடு ஆடியபோது ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மனையும் வீழ்த்தினார். ஆயினும் அட்டவணையில் அவருக்குக் கடைசி இடமே கிடைத்தது. தனித்து நின்று இரண்டு மலைகளைச் சாய்க்கலாம். முழுத் தொடரையும் சமாளிக்கத் துணைவேண்டும். அந்தத் துணை சென்னைக்கு வந்தது 1972-இல். சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டது. ஆரோன் அதற்குத் தூணாக நின்றார். ரஷ்ய நூல்களும் இதழ்களும் அங்கே படிக்கக் கிடைத்தன. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அந்தக் கழகத்தில் ஆடி வளர்ந்தவர்தான். 1987-இல் உலக இளையோர் பட்டம், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற பெருமை, 2000-இல் உலகப் பட்டம் என அவர் ஏறிய படிகளை நாம் அறிவோம். முதல் படி அந்தக் கழகத்தின் மேசை என்பது என் எண்ணம்.

அக்காலத்தில் தொடக்கங்களின் செய்தித்தாள் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்த ‘இன்ஃபர்மேட்டர்’. 1966-இல் தொடங்கியது, ஆண்டுக்கு இரண்டு தொகுதிகள். அதில் எந்த மொழியும் கிடையாது, குறியீடுகள் மட்டுமே. இந்தக் குறி என்றால் வெள்ளைக்கு மேன்மை, அந்தக் குறி என்றால் புதிய நகர்த்தல் என்று ரஷ்யனும் படிப்பான், தமிழனும் படிப்பான். தொடக்கங்கள் அனைத்தையும் ஏ00 முதல் இ99 வரை ஐந்நூறு பிரிவுகளாகப் பகுத்தவர்களும் அவர்களே. ஆங்கிலம் தடுமாறும் என்னைப் போன்றவனுக்கு அந்த ஏற்பாட்டை நினைத்தாலே மனம் குளிர்கிறது. ஆனால் ஜனவரியில் மாஸ்கோவில் ஆடிய புதுமை அச்சேறி, கடல் கடந்து, சென்னையில் ஒருவர் கையில் விழும்போது பல மாதங்கள் ஓடியிருக்கும். சென்னையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்கு வரும் தூரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இன்று அந்தத் தூரம் அழிந்துவிட்டது. மார்க் கிரௌதர் என்ற ஆங்கிலேயர் 1994 முதல் வாரந்தோறும் உலகப் போட்டிகளின் ஆட்டங்களைத் திரட்டி ‘தி வீக் இன் செஸ்’ என்ற பெயரில் இலவசமாக அளித்து வருகிறார். லிசெஸ் என்ற தளம் 2010-இல் தொடங்கியது. காசு வாங்குவதில்லை, விளம்பரமும் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற ஆட்டப் பொறி உலக சாம்பியனை விட வலிமையானது, அதுவும் இலவசம். சிங்கப்பூரில் பிற்பகல் ஆடிய நகர்த்தலை அன்று மாலையே பூதப்பாண்டியில் வாழைத்தோட்ட வரப்பில் உட்கார்ந்து பார்க்கலாம், மலையடிவாரத்தில் அலைவரிசை கிடைத்தால்.

இனி மேலே உள்ளவர்களின் போக்கு எப்படித் திரும்புகிறது என்பதற்கு ஒரு சங்கிலியைக் காட்டுகிறேன். 2000-ஆம் ஆண்டு லண்டனில் காஸ்பரோவின் பட்டத்தை எதிர்த்து கிராம்னிக் ஆடினார். காஸ்பரோவ் இ4 ஆடி ரூய் லோபஸ் தொடக்கத்துக்குள் நுழைந்தபோது பெரும்பாலும் கிராம்னிக், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்த பெர்லின் தற்காப்பைப் பரணிலிருந்து தூசு தட்டி எடுத்தார். எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய்விடும். கறுப்பு ராஜாவுக்குக் கோட்டை கட்டும் உரிமையும் போய்விடும். பார்க்க ஏழ்மையான நிலை; ஆனால் உடைக்க முடியாத சுவர். தாக்குதலுக்கு ராணி இல்லாத காஸ்பரோவ் பதினைந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லாமல் பட்டத்தை இழந்தார். அதன்பின் உலகமே பெர்லின் ஆடத் தொடங்கியது. வெள்ளையில் ஆடுபவர்கள் சலித்துப்போய், 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இத்தாலியத் தொடக்கத்துக்குத் திரும்பினார்கள். அதிலும் டி சிப்பாயை டி4-க்குப் பாய்ச்சாமல் டி3-இல் ஒரே கட்டம் வைத்து மெல்ல ஆடினார்கள். இன்னும் சிலர் இ4-ஐயே விட்டுவிட்டு, டி4 ஆடி பிஷப்பை எப்4-இல் வைக்கும் லண்டன் அமைப்புக்கு வந்தார்கள். மனப்பாடக்காரர்களின் பாதையை விட்டு விலகி நடக்கலாம் என்பதே நோக்கம். 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் இந்த லண்டன் அமைப்பில்தான் நெப்போம்னியாச்சியை வென்றார். டி3 என்ற அந்த ஒற்றைக் கட்ட நடையைத் தாத்தாவிடம் காட்டியபோது, “இப்பந்தான் புத்தி வந்திருக்கு” என்றார்.

2017 டிசம்பரில் ஆல்பாஸீரோ வந்தது. விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்துத் தனக்குத்தானே ஆடிக் கற்ற எந்திரம் அது. ஓரத்துச் சிப்பாயை எச்4, எச்5, எச்6 என்று எதிரி ராஜாவின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே முளையடித்து நிறுத்துவது அதற்குப் பிடித்த வேலை. ‘தொடக்கத்தில் ஓரச் சிப்பாயைத் தொடாதே’ என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த நூல்கள் என்ன ஆயின என்று கேட்காதீர்கள். இன்று பெரிய ஆட்டங்கள் பலவற்றில் அந்தச் சிப்பாய் ஓடுவதைக் காணலாம்.

புதுமை ஒருமுறைதான் பலிக்கும் என்பார்கள். இரண்டுமுறை பலித்ததும் உண்டு. 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஆனந்த் தம் பட்டத்தைக் காக்க கிராம்னிக்கோடு ஆடினார். பெரும்பாலும் இ4 ஆடியவர் என்று உலகம் அறிந்த ஆனந்த் வெள்ளையில் டி4 ஆடி முதல் அதிர்ச்சியைத் தந்தார். கறுப்பில் செமி-ஸ்லாவின் மெரான் பிரிவு. மூன்றாவது ஆட்டத்தின் பதினான்காவது நகர்த்தலில் தம் பிஷப்பை பி7-இல் வைத்தார். தம் ராஜா நடுக்களத்தில் திறந்து கிடக்கிறது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஜி வரிசை திறந்திருப்பதால் யானை ஜி8-க்கு வந்து, பி7 பிஷப்போடு சேர்ந்து வெள்ளை ராஜாவின் மேல் பாயும். அதுவே திட்டம். வென்றார். சில நாட்களில் ஐந்தாவது ஆட்டம்; அதே பாதையில் மீண்டும் போனார்; மீண்டும் வென்றார். இடையில் இருந்த நாட்களில் கிராம்னிக்கின் குழுவிடமும் கணிப்பொறிகள் இருந்தன. ஆனால் நீல்சன், காசிம்ஜானோவ், கங்குலி, வோய்டாஷெக் ஆகியோருடன் ஆனந்த் மாதக்கணக்கில் தோண்டிய கிணற்றின் ஆழத்தைச் சில நாளில் அளக்க முடியவில்லை. நகர்த்தல் என்பது ஒரு வரி. அதன் பின்னே உள்ள கருத்துத்தான் பல மாத உழைப்பு. நான் குகேஷ் ஆட்டங்களில் மனப்பாடம் செய்தது அந்த ஒரு வரிகளை மட்டுமே.

அந்தச் சிங்கப்பூர்ப் போட்டியும் ஒன்றைக் காட்டுகிறது. முதல் ஆட்டத்தில் குகேஷ் இ4 ஆட, டிங் எதிர்பாராத பிரெஞ்சுத் தற்காப்பை எடுத்து வென்றார். தொடக்கத்தின் வலிமை அது. ஆனால் 2024 டிசம்பர் 12 அன்று பட்டத்தை முடிவு செய்த பதினான்காவது ஆட்டத்தில், தொடக்கத்தில் யாரும் யாரையும் சாய்க்கவில்லை. சமனாக முடிய வேண்டிய நிலையில் ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பதினெட்டு வயது இளைஞர் உலக சாம்பியன் ஆனார்.

அப்படியானால் என் போன்றவன் எதைப் பின்தொடர்வது? என் முறையைச் சொல்கிறேன். பலன் முழுவதும் தெரிந்த பின் சொல்வதல்ல, இப்போது செய்துகொண்டிருப்பது. ஒரு 192 பக்க நோட்டு. வெள்ளையில் ஒரே ஒரு தொடக்கம்: இத்தாலியன், டி3-யோடு. கறுப்பில் இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. வேறு எதுவும் என் வீட்டுக்கு வரக்கூடாது. திங்கட்கிழமை வரும் ஆட்டத் தொகுப்பில் இந்த மூன்றும் வந்த ஆட்டங்களை மட்டும் எடுப்பேன். பெரியவர் ஒருவர் பழைய நகர்த்தலை விட்டுப் புதிதாக ஒன்று ஆடியிருந்தால், கணிப்பொறியைத் திறக்குமுன் காகிதத்தில் என் ஊகத்தை எழுதுவேன். எந்தக் காய்க்கு வழிவிட இதை ஆடினார்? எதைத் தடுக்க ஆடினார்? பெரும்பாலும் என் ஊகம் தவறாகவே இருக்கும். தவறிய ஊகம் மறப்பதில்லை என்பதால் கவலையில்லை.

இது வாரத்தில் ஒரு மணி நேரம். இதைவிட முக்கியமான மற்றொரு மணி நேரம் கீழே உள்ள போக்குக்கு. லிசெஸ் தளத்தில் மாஸ்டர்களின் ஆட்டங்கள் ஒரு பக்கமும், சாதாரணர்களின் ஆட்டங்கள் தரவரிசைப்படி மறு பக்கமும் இருக்கின்றன. அந்த மறு பக்கத்தைத்தான் நான் பார்த்ததே இல்லை. மாஸ்டர்கள் ஆடாத நகர்த்தல்களை என் தரத்தில் உள்ளவர்கள் சலிக்காமல் ஆடுகிறார்கள். குகேஷின் பதினெட்டாவது நகர்த்தல் எனக்கு எதற்கு? என் எதிரி நான்காவது நகர்த்தலிலேயே நூலை விட்டு இறங்கி வேலி தாண்டிவிடுகிறார். அந்த வேலிக்கு அப்பால் உள்ள பள்ளங்களை அறிந்துவைத்தால் ஸ்டாஃபோர்டுக்கு இரண்டாம் முறை பலியாக வேண்டியதில்லை. கணிப்பொறி காட்டும் சிறு தசமப் புள்ளி மேன்மையை நான் பார்ப்பதே இல்லை. ஒரு சிப்பாயை வெறுமனே விட்டுவிடும் எனக்கு அது சில்லறைக் காசு.

மீதி நேரமெல்லாம் இறுதிக் கட்ட ஆட்டத்துக்கும் புதிர்களுக்கும். கட்டணம் கட்டித் தொடக்க வகுப்புகள் வாங்கிப் பார்க்கும் வசதி எனக்கு இல்லை. இருந்தாலும் இப்போதைக்கு வாங்கியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். ஒருவேளை வசதி இல்லாததால் அப்படி நினைக்கிறேனோ என்னவோ.

இவ்வாண்டும் அதே மாணவர் என் எதிரே அமர்ந்தார். எனக்கு வெள்ளை. இ4 ஆடினேன். பெட்ராஃபுக்கு நோட்டில் ஆறு பக்கம் வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இ6 ஆடினார்: பிரெஞ்சுத் தற்காப்பு. ஆறு பக்கமும் வீண்! பிரெஞ்சுக்கு ஒரு பக்கந்தான் இருந்தது. அதில் மூன்று நகர்த்தல்களுக்கு மேல் இல்லை. ஆனால் மையம் பூட்டிக்கொண்டால் கறுப்பின் வெள்ளைக்கட்ட பிஷப் சிறையில் கிடக்கும் என்ற கருத்து அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்திரண்டு நகர்த்தல் வரை போனேன். யானைகளோடு இறுதிக் கட்டம், ஒரு சிப்பாய் எனக்குக் கூடுதல், வெல்லத் தெரியவில்லை. சமன். இம்முறை அந்த அரைப் புள்ளி அணிக்கு உதவியது. அடுத்த சுற்றுக்குச் சென்றோம், அங்கே தோற்றோம். அந்த யானை முடிவை எப்படி வென்றிருக்கலாம் என்று பலரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சின் பக்கங்களும் இப்போது பதினொன்றாகிவிட்டன.

நம் கல்லூரி விளையாட்டு அறையில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்கு மேல் நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே இருப்போம். ஆட வரும் நண்பர்கள் தயங்காமல் வரலாம். முதலாமாண்டு மாணவர்கள் அவசியம் வரவேண்டும். ஒரு பலகையில் கறுப்புக் குதிரை ஒன்று காணாமற்போய்விட்டது. தண்ணீர்ப் புட்டியின் நீல மூடி நின்றால் அதைக் குதிரை என்று கொள்க.